பெர்த்துக்கும் லண்டனுக்கும் நடுவே மதுரை

பெர்த்திலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று நெட்டில் தட்டினால் அரை நொடியில் பதில் வந்து விழும். தூரம்: சுமார் 14,500 கிலோமீட்டர். பயண நேரம்: 17 மணி 20 நிமிடம். பக்கத்தில் ஒரு வளைந்த கோடு. அவ்வளவுதான். கேட்டவரும் சரி என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

2024 ஏப்ரல் 14-ம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு அன்று, மதுரையில் ஒரு வீட்டில் அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஓர் அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் லண்டனில். அடுத்தவன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில், சுரங்கக் கம்பெனி ஒன்றில் வேலை. கடைக்குட்டி மட்டும் வீட்டில் இருந்தபடி மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறான். மூத்தவளுக்கு இரண்டாவது பிரசவம். 16-ம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நான்கு வயதுப் பெண்ணை யார் பார்த்துக்கொள்வது?

சாதாரணமாக என்றால் அம்மா போயிருப்பார். முதல் பிரசவத்துக்குப் போனார். இந்த முறை அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. அவரை விட்டுவிட்டு நகர முடியாது. அதனால் பெர்த்தில் இருந்த மகன் லீவு போட்டான். ஞாயிறு மாலை பெர்த்தில் ஏறினால் திங்கள் விடியற்காலை லண்டன். நடுவில் எங்கும் இறங்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க கையில் மிச்சம். குழந்தை மாமாவிடம் பழகிக்கொள்ள அது போதும்.

மாங்காய்ப் பச்சடி கிளறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மா, ஃபிளைட் நேராப் போகலையாம். சிங்கப்பூர்ல இறங்கிட்டுத்தான் போகுமாம். அங்க ஃபியூயல் போடணுமாம்."

"ஏன்டா, கிளம்புறப்பவே பெட்ரோலை ஃபுல்லாப் போட்டுட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

அண்ணனுக்கு அவசரம், பெட்டி கட்ட வேண்டும். போனை வைத்துவிட்டான். கேள்வி கடைக்குட்டியிடம் வந்து நின்றது. மெக்கானிக்கல் படிக்கிறானே, தெரியாதா என்ன?

அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவிடம் தெரியாது என்று சொன்னால் காலேஜ் ஃபீஸ் பற்றி ஒரு வார்த்தை வரும். ஆகவே லேப்டாப்பைத் திறந்தான். முதலில் மேப்பைப் போட்டான். பெர்த்துக்கும் லண்டனுக்கும் ஸ்கேல் வைத்தது போல ஒரு கோடு. அந்தக் கோடு இந்தியப் பெருங்கடல் வழியாக அரேபியா பக்கம் ஏறிப் போனது.

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த அப்பா எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் புவியியல் வாத்தியார்.

"மேப்ல பார்க்காத. மேப் பொய் சொல்லும். மேல அலமாரியில குளோப் இருக்கு, எடு."

தூசி படிந்த குளோப் வந்தது. தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல். பெர்த்தில் ஒரு முனை, லண்டனில் ஒரு முனை. இறுக்கிப் பிடித்தால் நூல் தானாகவே குறைந்த தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள். பூமியின் மையம் வழியாகக் கத்தியால் ஒரு வெட்டு போட்டால் மேற்பரப்பில் விழும் கோடு. இரண்டு ஏர்போர்ட்டுகளுக்கு நடுவே "விமானத் தூரம்" என்று எங்கு போட்டிருந்தாலும் அது இந்தக் கோட்டின் நீளம்தான். விமானம் பறந்த தூரம் அல்ல. இது பலருக்குத் தெரியாது.

(மேப் பொய் சொல்லும் என்றால் அதை வரைந்தவர் மேல் தப்பு என்று அர்த்தமில்லை. மெர்கேட்டர் 1569-ல் அந்த வரைபடத்தைப் போட்டது கப்பல் மாலுமிகளுக்காக. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால் அது மேப்பில் நேர்கோடாக விழ வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தேவை. தூரம் அளக்க அதை எடுத்தது நம் தவறு.)

நூல் விழுந்த இடத்தைப் பார்த்த கடைக்குட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். இலங்கை மேல் ஏறி, தமிழ்நாட்டின் தெற்குப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது நூல்.

குளோப் சின்னது, நூல் தடிமன். நம்ப முடியாது. கணக்குப் போட்டான். ப்ளஸ் டூவில் படித்த சைன், கொசைன் போதும். இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் பூமியின் மையத்தில் அவற்றுக்கிடையே எவ்வளவு கோணம் என்று வந்துவிடும். பெர்த்துக்கும் லண்டனுக்கும் சுமார் 130.5 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 14,500-ஐ ஒட்டி வருகிறது. சில கிலோமீட்டர் முன்னே பின்னே வரும். காரணம், பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்த 21 கிலோமீட்டர் சப்பையைச் சேர்த்துக் கணக்குப் போட 1975-ல் வின்சென்டி ஒரு சூத்திரம் கொடுத்தார். நெட்டில் பல கணக்கிகள் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

அடுத்து மதுரையைப் போட்டான். பெர்த்திலிருந்து மதுரை சுமார் 6,150. மதுரையிலிருந்து லண்டன் சுமார் 8,350. கூட்டிப் பாருங்கள். அதே 14,500. ஓர் ஊர் கோட்டுக்கு வெளியே இருந்தால் அந்த ஊர் வழியாகப் போகும் தூரம் கூடத்தான் செய்யும். கூடவில்லை என்றால் ஊர் கோட்டின் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

"அம்மா, அண்ணனுக்கும் அக்காவுக்கும் நேர்கோடு போட்டா அது நம்ம வீட்டு மேல போகுதும்மா!"

அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். குளோப்பைப் பார்த்தார், நூலைப் பார்த்தார்.

"அப்ப நம்ம தலைக்கு மேலதான் போறானா?"

அதுதான் இல்லை.

கோடு மதுரையைத் தாண்டி எங்கே போகிறது என்று பார்த்தால் ஏன் இல்லை என்பது புரியும். அப்பா விரலால் நூலைத் தொட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார், கடைக்குட்டி லேப்டாப்பில் சரிபார்த்தான். திருப்பூர் பக்கம், மைசூருக்கு மேற்கே, கார்வார் அருகே கடலில் இறங்குகிறது. அரபிக்கடல். பிறகு பாகிஸ்தானின் பலுசிஸ்தான் கரை. ஈரானுக்குள் தென்கிழக்கில் நுழைந்து, குறுக்காக ஏறி, தெஹ்ரானை ஒட்டியே போகிறது. ஆர்மீனியாவின் யெரெவான் பக்கம். கருங்கடல். கிரைமியா. உக்ரைனின் தென்மேற்கு ஓரம். அப்புறம் செக் நாட்டின் பிராக், ஜெர்மனியின் கொலோன், லண்டன்.

பெயர்களைத் திரும்ப ஒரு முறை படித்தால் கடைசி பத்து வருடச் செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.

கிரைமியாவை 2014-ல் ரஷ்யா எடுத்துக்கொண்டது. அதே வருடம் ஜூலை 17-ம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசிய விமானம் எம்ஹெச்17 உக்ரைனின் கிழக்குப் பகுதியில் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர். அவர்களுக்கும் கீழே நடந்த சண்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உள்ளே நுழைந்ததும் உக்ரைன் வானம் முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. தெஹ்ரானில் 2020 ஜனவரி 8-ம் தேதி அதிகாலை, கிளம்பிச் சில நிமிடங்களே ஆன உக்ரைன் நாட்டு விமானம் ஒன்றை ஈரான் ராணுவமே தவறுதலாகச் சுட்டுவிட்டது. 176 பேர். ஏவுகணை ஒன்று வரப்போகிறது என்ற பதற்றத்தில் இருந்தவர்கள் பயணிகள் விமானத்தை அதுவென்று நினைத்துவிட்டார்கள். அன்று அந்த ஏர்போர்ட்டை மூடி வைத்திருந்தால் போதுமாயிருந்தது.

2024 ஏப்ரலில் மறுபடி அதே பதற்றம். ஈரான் இஸ்ரேல் மேல் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் அனுப்பியது ஏப்ரல் 13 இரவு. அதற்குச் சற்று முன்பே குவாண்டாஸ் நிறுவனம் தன் பெர்த்-லண்டன் விமானம் ஈரானைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் என்று அறிவித்துவிட்டது. சுற்றிப் போனால் தூரம் கூடுகிறது. கூடினால் நிற்காமல் போய்ச் சேர முடியாது. ஆகவே சிங்கப்பூர்.

அம்மாவிடம் ஈரான் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று அப்பாவும் பிள்ளையும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே மகள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகப் போகிறாள். ஆனால் டிவியில் காலையிலிருந்து அதுதானே ஓடுகிறது. அம்மா கேட்டது வேறு.

"அது சரி. சுத்திப் போறதுன்னா கொஞ்சம் கூட பெட்ரோல் போட்டுக்கிட்டா என்ன?"

உண்மையில் இதுதான் சரியான கேள்வி. ஏரோநாட்டிக்ஸ் படிப்பவர்களைக் கேட்டாலும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

பெர்த்-லண்டன் வழியில் 2018 மார்ச் முதல் பறந்தது போயிங் 787-9. தரையை விட்டு எழும்ப அதற்கு ஓர் எடை வரம்பு உண்டு, சுமார் 254 டன். காலி விமானம், ஊழியர், சாப்பாடு எல்லாம் சேர்த்து 129 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கை வழிய வழிய நிரப்பினால் 1,26,000 லிட்டர் வாக்கில், ஏறத்தாழ 101 டன். மீதி எவ்வளவு? 24 டன். குவாண்டாஸின் அந்த விமானத்தில் 236 இருக்கைகள். ஆளும் பெட்டியுமாகத் தலைக்கு 100 கிலோ என்றால் 23.6 டன். முடிந்துவிட்டது கணக்கு. ஒரு குடம் வைக்க இடமில்லை.

எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே எரிபொருள் செலவாகிறது என்பது இதில் பெரிய கொடுமை. பதினேழாம் மணி நேரத்தில் எரிக்கப் போகும் கெரசினை முதல் பதினாறு மணி நேரமும் சும்மா சுமக்க வேண்டும். சுமப்பதற்கு எரிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பறக்க வேண்டும் என்றால் டேங்க்கில் இடமும் இல்லை, எடையிலும் இடமில்லை. ஆளை இறக்கிவிட்டால்தான் முடியும். அதற்குப் பதில் நடுவில் ஓர் இடத்தில் இறங்கினால் பாதி டேங்க்கோடு லேசாகக் கிளம்பலாம், அங்கே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம், யாரையும் இறக்கிவிட வேண்டாம்.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அப்பா சொன்னார்.

"அழகர்கோயிலுக்கு நடந்து போறப்ப தண்ணிய எல்லாம் வீட்ல இருந்தே தூக்கிட்டா போறோம்? வழியில தண்ணிப் பந்தல் இருக்குல்ல."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கடைக்குட்டிக்கு லேசான பொறாமை. 254 டன், 101 டன் என்று அவன் பேப்பரில் எழுதியதெல்லாம் வீண்.

ஆனால் அவனுக்கு இன்னொரு சந்தேகம். பெர்த்-சிங்கப்பூர் சுமார் 3,910 கிலோமீட்டர். சிங்கப்பூர்-லண்டன் சுமார் 10,880. கூட்டினால் 14,790. நேர்வழியை விட 300 கிலோமீட்டர்கூட அதிகமில்லை! ஜெட் விமானத்துக்கு அது இருபது நிமிட வேலை. ஆனால் அண்ணன் போய்ச் சேர சில மணி நேரம் தாமதமாகும் என்கிறார்கள். அந்த மணி நேரங்கள் எங்கே போகின்றன?

கீழே இறங்க வேண்டும். வேகத்தைக் குறைத்து வரிசையில் நிற்க வேண்டும். தரையில் எரிபொருள் ஊற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல். மறுபடி ஏறி, 35,000 அடிக்குப் போய்ப் பழைய வேகத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதியும் ஈரானைத் தொடாமல்தான் போக வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் இதில் பாதி தெரியவே தெரியாது. டைம்டேபிளில் போடும் நேரம் என்பதும் வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, வாசலிலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்க வாசலில் போய் நிற்கும் வரை.

காற்று வேறு இருக்கிறது. நடு அட்சரேகைகளில் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம். எதிரே போனால் தள்ளும், கூடப் போனால் தூக்கிக்கொண்டு போகும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நான்கு மணி 56 நிமிடத்தில் போய் இறங்கியது. வழக்கமாக ஆறு, ஆறரை மணி நேரம் ஆகும் வழி. அதே விமானம், அதே இன்ஜின், காற்று மட்டும் கூட்டாளி. பெர்த்-லண்டன் வழியிலும் இதே கதை. போவது மேற்கே, காற்றை எதிர்த்து. திரும்புவது கிழக்கே. அதனால்தான் அந்த ஏப்ரலில் லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பிய விமானம் ஈரானைச் சுற்றிக்கொண்டும் எங்கும் நிற்காமலேயே வந்தது. தூரம் என்று நெட் காட்டுவது இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண். ஒரு பக்கம் தண்ணிப் பந்தல் வேண்டும், ஒரு பக்கம் வேண்டாம்.

மதியம் நாலே கால் வாக்கில், பெர்த்தில் மாலை ஆறே முக்கால், அண்ணனிடமிருந்து "ஏறிட்டேன்" என்று ஒரு மெசேஜ். பிறகு போன் அணைந்துவிட்டது.

அன்று ராத்திரி கடைக்குட்டிக்குத் தூக்கம் வரவில்லை. பெர்த், இலங்கை என்று தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கதை அகப்பட்டது. கோட்டின் முதல் பாதியை, பெர்த்திலிருந்து இலங்கை வரைக்கும், ஏற்கெனவே ஆட்கள் பறந்திருக்கிறார்கள். அதுவும் 1943-ல்.

அதற்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு விமான வழி சிங்கப்பூர் மூலமாகத்தான் இருந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அந்தமான், சுமத்ரா, ஜாவா எல்லாம் போயின. வழி அறுந்துவிட்டது. தபாலும் ஆளும் போய்வர வேறு பாதை வேண்டும். அப்போது பார்த்த வழிதான் இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே தாண்டுவது. பெர்த்தில் ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பி இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில் இறங்க வேண்டும். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. போருக்காக அங்கே பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் வந்திருந்தது.

விமானம் கேட்டலினா. தண்ணீரில் ஏறி இறங்கும் விமானம், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், 28 மணி நேரம். காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி வரை ஆனது. வழியில் தீவு ஒன்றில்கூட இறங்க முடியாது. ஜப்பானியர் கண்காணிக்கும் பகுதியை இருட்டில் தாண்ட வேண்டும் என்பதற்காகவே கிளம்பும் நேரத்தைக் குறித்தார்கள். ரேடியோ பேசக் கூடாது, பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்தான். அவ்வளவு எரிபொருள் ஏற்றிய பிறகு மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும். மூன்றே பேர்!

கிளம்பிய பிறகு இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். அதனால் இந்தப் பயணத்துக்கு இரட்டைச் சூரியோதயம் என்று பெயர் வந்தது. போய்வந்த பயணிகளுக்கு ரகசியச் சங்கம் ஒன்றில் சேர்த்ததாகச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 தடவை அந்தக் கடலைத் தாண்டினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. போர் முடிந்ததும் அந்த விமானங்களைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அமெரிக்கா போருக்காகக் கொடுத்த உதவியில் வந்தவை, ஒப்பந்தப்படி வைத்துக்கொள்ள முடியாதாம். இதைப் படித்தால் யாருக்கும் மனசு கேட்காது.

போர் முடிந்த பின் பழைய வழி திரும்பியது. 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்கு குவாண்டாஸ் விட்ட கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று நின்று நின்று நான்கு நாளில் போனது. அதில் வானத்தில் இருந்த நேரம் 55 மணி. ஆறு தண்ணிப் பந்தல்! அதன் பிறகு இன்ஜின் வளர வளர ஒவ்வொரு ஊராகக் கழன்று போனது. கல்கத்தா போனது, கராச்சி போனது. 2018-ல் பெர்த்திலிருந்து கிளம்பினால் லண்டன் வரை ஊரே வேண்டாம் என்றானது. ஆறே வருடத்தில் ஓர் ஊர் மறுபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. அதுவும் 1942-ல் எந்த ஊர் விழுந்ததால் வழி அறுந்ததோ அதே சிங்கப்பூர்.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா தூங்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து "இறங்கிட்டேன், ஒரு மணி நேரத்துல மறுபடி கிளம்பும்" என்று மெசேஜ் வந்தது. அதை அம்மா மூன்று தடவை படித்தார். கடைக்குட்டி விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சின்ன மஞ்சள் விமானம் மலாக்கா ஜலசந்தியைத் தாண்டும் வரை பார்த்தான். அப்புறம் சார்ஜ் தீர்ந்ததோ இவனுக்குத் தூக்கம் வந்ததோ, எது முதலில் என்று தெரியாது. காலையில் எழுந்தபோது போன் செத்துக் கிடந்தது.

திங்கள் மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அண்ணன் லண்டனில் இறங்கினான். நேரே வந்திருந்தால் காலை ஒன்பதரைக்கு, நம் நேரப்படி, இறங்கியிருப்பான். அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாளாம். குழந்தை மாமாவைப் பார்த்ததும் அம்மா காலைக் கட்டிக்கொண்டு ஒளிந்ததாம். அந்த நாலு மணி நேரம் இருந்திருந்தால் கொஞ்சம் பழகியிருக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரிக்குள் பழகிவிட்டது. ஏரோப்ளேனில் கொடுத்த சாக்லேட் வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு டயாலிசிஸ். மூவரும் ஆட்டோவில் போனார்கள். அப்பா கையில் ஊசி போட்டு மெஷின் ஓட ஆரம்பித்தது. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, லண்டனில் மணி என்ன, லண்டனில் மணி என்ன என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டார். நாலரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும் என்று நூறு தடவை சொல்லியும் அவர் தானாகக் கழிக்க மாட்டார். கழித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இரண்டே முக்காலுக்கு போன் அடித்தது. பையன். மூன்று கிலோ நூறு. அக்கா நன்றாக இருக்கிறாள். அண்ணன் வீடியோவில் வந்தான், மடியில் நான்கு வயசுப் பெண், தலை கலைந்து, வாயெல்லாம் ஜாம். அம்மா அழுதார். நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சாப்பிட்டியா, தூங்கினியா, தலைக்கு எண்ணெய் வைக்கிறியா என்று வரிசையாகக் கேள்விகள்.

அப்பா இன்னொரு கையை நீட்டினார். அம்மா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏன்டா, சிங்கப்பூர்ல ஏறினதுக்கு அப்புறம் எந்த வழியாப் போச்சு? நம்ம ஊர்ப் பக்கமா வந்துச்சா?"

"தெரியலப்பா. ஏறின உடனே தூங்கிட்டேன்."